இருதயம் விடுக்கும் ஓலை

ஆங்கில வைத்தியர் வில்லியம் ஹார்வி 1628ஆம் ஆண்டில் தமது நூலை வெளியிட்டார். இருதயமே குருதியை உடலெங்கும் சுற்றியோடச் செய்கின்றது என்னும் உண்மை அந்நூலால் நிலைபெற்றது. அதன்பின் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வைத்திய உலகம் இருதயத்தை ஓர் இறைப்புப் பொறியாகவே கருதி வந்தது. அப்பொறி தான் படும் துன்பத்தைக் குருதியில் ஓலையாக எழுதி அனுப்பவும் வல்லது என்பது பிற்காலத்திலேயே தெரியவந்தது. அவ்வோலை கண்டெடுக்கப்பட்ட வரலாறும், முதியோரிடத்து அதனைப் பிழையின்றி வாசிக்க வைத்தியர் கற்ற வரலாறும் அறியத்தக்கன.

1956ஆம் ஆண்டில் புரூனோ கிஷ் என்னும் ஆராய்ச்சியாளர், கினிப்பன்றியின் இருதயத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் நோக்கினார். சோணையறை எனப்படும் மேலறையின் தசையில் நுண்ணிய மணிகள் இருப்பதைக் கண்டார். சுரப்பிகளிற் காணப்படும் மணிகளை அவை ஒத்திருந்தன. இறைக்கும் தசைக்குச் சுரப்பியின் மணிகள் எதற்கு? இவ்வினாவுக்கு விடை கிடைக்கக் கால்நூற்றாண்டு சென்றது.

ஆர்ஜென்ரீனாவிற் பிறந்து கனடாவிற் பணியாற்றிய அடோல்போ டி போல்ட் அவ்விடையைக் கண்டார். அவரும் அவர் துணைவரும் எலியின் மேலறைத் தசையிலிருந்து சாறெடுத்து, வேறு எலிகளின் குருதியிற் செலுத்தினர். சிறுநீரின் அளவு பத்து மடங்கு பெருகிற்று. அதில் வெளியேறிய சோடியமோ முப்பது மடங்குக்கு மேல் உயர்ந்தது. இச்செய்தி 1981இல் வெளிவந்தது. இருதயம் ஓமோன் சுரக்கும் உறுப்புமாகும் என்பது உறுதியாயிற்று. சுமை மிகுந்து சுவர்கள் இழுபடும்போது, உப்பையும் நீரையும் வெளியேற்றிச் சுமையைக் குறைக்குமாறு அது சிறுநீரகத்துக்கு ஆணை விடுக்கின்றது.

1988இல் யப்பானிய ஆராய்ச்சியாளர் இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு பொருளைப் பன்றியின் மூளையிற் கண்டெடுத்தனர். மூளையின் பெயரோடு அது பி.என்.பி. என வழங்கலாயிற்று. ஆயினும், அதனை மிகுதியாகச் சுரப்பது இருதயமே எனப் பின்னர் அறியப்பட்டது. இப்பொருள் உருவாகும்போது பிரிந்து செல்லும் துண்டம் என்.ரி. புரோ பி.என்.பி. எனப்படும். இன்று குருதிச் சோதனையில் இவ்விரண்டுமே அளக்கப்படுகின்றன.

இவ்வோலை பெரிதும் பயன்படும் நோய்களுள் ஒன்று பெருநாடி வால்வு ஒடுங்குதல் ஆகும். வயது முதிர முதிர வால்வின் இதழ்களிற் கல்சியம் படிந்து அவை தடித்து இறுகுகின்றன. செருமானிய நோயியலறிஞர் மொங்கெபேர்க் 1904இலேயே இதனை விவரித்தார். ஒடுங்கிய வழியாற் குருதியைத் தள்ள இடக் கீழறை பல ஆண்டுகள் போராடுகின்றது. அதுவரை நோயாளி ஒன்றும் உணராதிருக்கலாம். நெஞ்சுநோவு, மயக்கம், மூச்சிளைப்பு ஆகியவை தோன்றியபின், சிகிச்சை பெறாதார்க்கு எஞ்சுவன சில ஆண்டுகளே என்பதை 1968இல் ரோஸ், பிரவுன்வால்ட் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர் எடுத்துக்காட்டினர்.

முதியோரிடத்து இவ்வறிகுறிகளை அறிவது எளிதன்று. மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்ட மூதாட்டி, “வயது போய்விட்டது, வேறொன்றுமில்லை” என்பார். நடந்தால் இளைக்கும் என்பதால் நடையைக் குறைத்துக்கொண்டவருக்கு இளைப்புத் தோன்றுவதேயில்லை. நாக்குச் சொல்லாததைக் குருதி சொல்லக்கூடும் என்று வைத்தியர் கருதியமைக்கு இதுவே காரணம்.

ஆனால், இங்கே ஓர் இடர் எழுந்தது. வால்வு நோய் இல்லாத முதியோரிடத்தும் இப்பொருள் இளையோரிலும் மிகுந்தே காணப்பட்டது. மூப்பினால் இருதயத் தசை விறைப்படைகின்றது. சிறுநீரகமும் குருதியைத் தூய்மைசெய்யும் வலிமையிற் குன்றுகின்றது. ஆகவே நாற்பது வயதினரிடம் அச்சம் தரும் எண், எண்பது வயதினரிடம் இயல்பாகவும் இருக்கலாம். பெண்களிடம் அது சற்று மிகுதியாகவும், உடல் பருத்தோரிடம் குறைவாகவும் இருப்பதுண்டு.

2006இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று இதற்கு ஒரு வழி காட்டிற்று. மூச்சுத்திணறலோடு வைத்தியசாலைக்கு வருவோரிடத்து இருதயத் தளர்ச்சியைக் கண்டறிய, என்.ரி. புரோ பி.என்.பி.க்கு அது வயதுவாரியாக எல்லை வகுத்தது. ஐம்பது வயதுக்குட்பட்டோர்க்கு மில்லிலீற்றருக்கு 450 பிக்கோகிராம். 50 முதல் 75 வயது வரை 900. அதற்கு மேற்பட்டோர்க்கு 1,800. ஒரு கிராமின் இலட்சம் கோடியில் ஒரு பங்கே பிக்கோகிராம். இவ்வெல்லைகள் வால்வு நோய்க்கென வகுக்கப்பட்டவையல்ல. எனினும், அவற்றின் அடிப்படைக் கருத்து அங்கும் இடம்பெற்றது. வால்வு கடுமையாக ஒடுங்கியும் அறிகுறியற்றிருப்போரிடத்து, பி.என்.பி. அவர்தம் வயதுக்கும் பாலுக்கும் உரிய இயல்பளவின் மூன்று மடங்குக்கு மேற்பட்டால், அறுவைச் சிகிச்சை பற்றி எண்ணலாம் என ஐரோப்பிய இருதயவியற் சங்கத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி கூறிற்று.

தக்க காலத்தில் அறிவதால் வரும் பயன் பெரிது. 1960இல் செயற்கை வால்வுகள் அமெரிக்காவில் வெற்றியாகப் பொருத்தப்பட்டன. 2002இல் பிரான்சின் றூவன் நகரில் அலன் கிரிபியே, நெஞ்சைப் பிளவாமல், குருதிக்குழாய் வழியாகவே புதிய பெருநாடி வால்வைப் பொருத்தினார். அறுவையைத் தாங்கவியலாத முதியோர்க்கும் அதனால் வழி பிறந்தது.

முதுமையை மறந்து எண்ணை மட்டும் நோக்கினால், நலமுள்ள முதியவர் வீணே அஞ்ச நேரும். எல்லாவற்றையும் முதுமையின் மேற் சுமத்தினாலோ, காப்பாற்றத்தக்க உயிர் கைநழுவிப் போகும். வால்வின் ஒடுக்கத்தை அளக்க ஒலியலைப் படமும், நோயாளியின் நிலையை அறிய வைத்தியரின் நேர்ப் பரிசோதனையும் என்றும் வேண்டப்படுவன. இருதயம் விடுக்கும் ஓலையை, அதனை விடுத்தவரின் வயதறிந்தே வாசித்தல் வேண்டும்.