பாறை போச்சு, ஓதம் போகல

நம்ம கரையில் ஓதம் பெரிசாக் கண்ணில் படுவதில்லை. சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு மீட்டர் வித்தியாசம், அவ்வளவுதான். கனடாவின் மேற்குக் கரையில், சீமோர் நேரோஸ் என்ற இடுக்கில், கதையே வேற.

வரைபடத்தைப் பாருங்க. கரையை ஒட்டி வான்கூவர் தீவு நீளமாகப் படுத்திருக்கிறது. பசிபிக் கடலின் ஓதம் தீவின் வடக்கு முனையைச் சுற்றியும் உள்ளே வருகிறது, தெற்கு முனையைச் சுற்றியும் வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்லை. அதனால் இடுக்கின் ஒரு பக்கம் நீர்மட்டம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் நிற்கும். ஒரு கிலோமீட்டர் அகலம்கூட இல்லாத அந்த வழியாகத்தான் அந்த நீர் முழுக்கப் பாயணும். வேகம் 15 நாட் வரை போகும், அதாவது மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர். சாதாரண பாய்மரப் படகின் வேகம் 5, 6 நாட்தான். எதிர்த்துப் போனால் படகு முன்னே போகாது, பின்னாலதான் போகும்.

இது போதாதென்று இடுக்கின் நடுவில் இரட்டை முகடு கொண்ட ஒரு பாறை இருந்தது. பெயர் ரிப்பிள் ராக். வற்றத்தின்போது உயரமான முகட்டுக்கு மேல் 3 மீட்டர் தண்ணீர்கூட இருக்காது. 1875-இல் அமெரிக்கக் கடற்படையின் சரனாக் என்ற நீராவிக் கப்பல் இங்கே மோதி மூழ்கியது. அதற்குப் பிறகு பெரிதும் சிறிதுமாக நூற்றுக்கும் மேற்பட்ட கலங்கள் மூழ்கின அல்லது சேதமாயின. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

அப்போ ஏன் சீக்கிரமே உடைக்கலைன்னு கேட்கலாம். எதிர்ப்பு இருந்தது. தீவையும் பெருநிலத்தையும் இணைக்க ஒரு பாலம் வந்தால், இந்தப் பாறையே தூணுக்கு அடித்தளமாகும் என்று சிலர் கனவு கண்டார்கள். கடைசியில் 1943-இல் மிதவையை நிறுத்தி மேலிருந்து துளையிடத் தொடங்கினார்கள். மிதவையைப் பிடித்திருந்த எஃகு வடங்களை நீரோட்டம் திரும்பத் திரும்ப அறுத்துப் போட்டது. 1945-இல் செய்த இரண்டாவது முயற்சியும் கைவிடப்பட்டது. இந்த முயற்சிகளில் 9 தொழிலாளர்கள் நீரில் மூழ்கி இறந்தார்கள். பாறையின் கதையைச் சொல்லும்போது இவர்களை விட்டுவிடக் கூடாது.

மேலிருந்து முடியாததைக் கீழிருந்து செய்தார்கள். 1955 முதல் பக்கத்திலுள்ள மாட் தீவிலிருந்து கீழே இறங்கி, கடலடியில் 700 மீட்டருக்கு மேல் சுரங்கம் குடைந்து, பாறையின் வயிற்றுக்குள் ஏறினார்கள். சுமார் 1,270 டன் வெடிமருந்தை உள்ளே அடைத்தார்கள். 1958 ஏப்ரல் 5, காலை 9.31-க்கு வெடித்தது. கனடா மக்கள் தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்த்தார்கள். அணுகுண்டல்லாத வெடிப்புகளில் அன்றைக்கு உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று அது. முகடுகள் இப்போது 14 மீட்டர் ஆழத்துக்குக் கீழே இருக்கின்றன.

பிரச்சினை தீர்ந்ததா? பாதிதான். பாறை போனதே தவிர நீரோட்டத்தை யாராலும் வெடி வைத்துத் தகர்க்க முடியவில்லை. 1984-இல் சன்டான்சர் என்ற சுற்றுலாக் கப்பல் இதே இடத்தில் மாட் தீவின் பாறையில் மோதியது. எப்படியோ பக்கத்துத் துறைக்கு வந்து சேர்ந்து, அங்கேயே அமிழ்ந்தது. நல்லவேளை, பயணிகள் தப்பினார்கள்.

சொந்தப் படகில் அலாஸ்கா பக்கம் போகிறவர்கள் இன்றைக்கும் இங்கே வந்ததும் நிற்கத்தான் வேண்டும். கையில் நீரோட்ட அட்டவணை இருக்கும். ஏற்றம் தெற்கே பாயும், வற்றம் வடக்கே பாயும். ஒன்று ஓய்ந்து மற்றது தொடங்குமுன் நீர் அடங்கும் நேரம் மிகக் கொஞ்சம், சில நிமிடங்கள்தான். அதைக் கணக்குப் பண்ணிக் கடப்பார்கள். விட்டுவிட்டால் அடுத்ததுக்குப் பல மணி நேரம் காத்திருக்கணும். பெரிய எஞ்சின் இருந்தாலும் அந்த அட்டவணையை ஒதுக்கிவிட முடியாது.

3 மில்லியன் டாலருக்கு மேல் செலவழித்து, அத்தனை டன் வெடிமருந்து வைத்து மனிதர்கள் வாங்கியது கொஞ்சம் கூடுதல் ஆழம். எப்போது கடக்கலாம் என்பதை இன்னைக்கும் நிலாதான் சொல்லுது.