பாக் நாம்-ஓக்

பாக் நாம்-ஓக் (1923–2017) கொரியாவின் முதல் பெண் திரைப்பட இயக்குநர். அவர் எடுத்தது ஒரே படம்: 1955இல் வெளியான ‘மிமாங்-இன்’, அதாவது ‘விதவை’. அது திரையரங்கில் சில நாட்களுக்கு மேல் நிலைக்கவில்லை.

ஜப்பானிய ஆட்சிக் காலத்தில், வடக்கு கியோங்சாங் மாகாணத்தில் பிறந்தார். பள்ளி நாட்களில் குண்டு எறிதல் வீராங்கனை. தேசியப் போட்டிகளில் சாதனை படைத்தவர். சினிமாப் பைத்தியமும் அப்போதே பிடித்துக்கொண்டது. நடிகை கிம் சின்-ஜேயின் தீவிர ரசிகையாக இருந்து, அவருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். சியோலில் இஹ்வா மகளிர் கல்லூரியில் சேர்ந்தவர் படிப்பை முடிக்கவில்லை. தேகு நகரில் செய்தித்தாள் ஒன்றில் திரைப்படங்களைப் பற்றி எழுதினார். விடுதலைக்குப் பின் சியோலில் படநிறுவனம் ஒன்றில் படத்தொகுப்பைக் கற்றுக்கொண்டார். கொரியப் போரின்போது பாதுகாப்பு அமைச்சகத்தின் செய்திப்படப் பிரிவில் வேலை பார்த்தார். ஆக, 1954இல் படம் எடுக்கத் துணிந்தபோது அவர் தொழில் தெரியாதவர் அல்ல. காசுதான் இல்லை.

காசைக் கொடுத்தவர் அக்கா. அதனாலேயே தயாரிப்பு நிறுவனத்துக்குச் ‘சகோதரிகள் படநிறுவனம்’ என்று பெயர். கதை வசனம் கணவர் இ போ-ராவுடையது. படம் 16 மி.மீ. சுருளில் எடுக்கப்பட்டது. மகள் பிறந்து அதிக நாள் ஆகவில்லை, பார்த்துக்கொள்ள ஆளில்லை. கொரியத் தாய்மார் வழக்கப்படி குழந்தையைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டே இயக்கினார். படப்பிடிப்புக் குழுவுக்குச் சோறு பொங்கிப் போட்டதும் அவரே. முதுகில் குழந்தையோடு அவர் நிற்கும் படப்பிடிப்புத்தளப் புகைப்படம் இன்று அவர் படத்தைவிடப் பிரபலம். தியாகத்தின் சின்னமாக அதைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அதில் தெரிவது கூலிக்கு ஆள் வைக்க வழியில்லாத நிலைமைதான் என்றும் சொல்லலாம். பின்வேலைகளும் சுலபமாக நடக்கவில்லை. ஆண்டின் தொடக்கத்திலேயே ஒரு பெண்ணின் படத்துக்கு ஒலிப்பதிவு செய்தால் வருஷம் விளங்காது என்று ஒலிப்பதிவுக் கூடத்தில் தட்டிக்கழித்ததை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

‘மிமாங்-இன்’ என்ற சொல்லுக்கு ‘இன்னும் சாகாமல் இருப்பவர்’ என்று பொருள். கணவன் போன பிறகும் உயிரோடிருப்பதே குற்றம் என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. படத்தின் நாயகியோ வாழ நினைக்கிறாள். போரில் கணவனை இழந்து, சிறுமகளோடு இருக்கும் அவளுக்குக் கணவனின் நண்பர் உதவுகிறார். அவர் மனைவிக்குச் சந்தேகம். நாயகி ஓர் இளைஞனைக் காதலிக்கிறாள். அவனுடன் வாழ்வதற்காக மகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைக்கிறாள். அவனுடைய பழைய காதலி, போரில் செத்துப்போனதாக நினைத்தவள், திரும்பி வந்ததும் அவன் போய்விடுகிறான். மகளைப் பிரியும் தாயைப் படம் அரக்கியாகவும் காட்டவில்லை, அழவைத்துப் புனிதமாக்கவும் இல்லை. அன்றைய கொரிய சினிமாவில் இது அரிது. அடுத்த ஆண்டே ஹான் ஹியோங்-மோவின் ‘சுதந்திர மாது’ மணமான பெண்ணின் ஆசையைப் பேசிப் பெருவெற்றி கண்டது. அந்தப் படம் ஆசைப்பட்டவளை மன்னிப்புக் கேட்க வைத்தது.

பாக் அடுத்த படம் எடுக்கவில்லை. 1957 முதல் பல ஆண்டுகள் பதிப்பகமொன்றில் வேலை பார்த்தார். சினிமா இதழ் ஒன்றிலும் பங்கெடுத்தார். இரண்டாவது பெண் இயக்குநரான ஹோங் உன்-வோனின் ‘பெண் நீதிபதி’ வர 1962 ஆயிற்று. பின்னர் பாக் அமெரிக்காவில் குடியேறினார்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பேச்சில்லாமல் கிடந்த படம் 1997இல் முதலாவது சியோல் மகளிர் திரைப்பட விழாவைத் தொடங்கிவைத்தது. இயக்குநர் இம் சுன்-ரே பெண் திரைக்கலைஞர்களைப் பற்றி 2001இல் எடுத்த ஆவணப்படத்தில் பாக் இடம்பெற்றார். அதே மகளிர் திரைப்பட விழா 2008இல் பாக் பெயரில் விருது ஏற்படுத்தியபோது முதலில் பெற்றவரும் இம் சுன்-ரேதான். பாக் 2017 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். தன்வரலாறு அதே ஆண்டில், அவர் மறைவுக்குப் பின் நூலாக வந்தது.

‘மிமாங்-இன்’ படத்தின் எஞ்சியிருக்கும் ஒரே பிரதியில் கடைசிச் சில நிமிடங்களுக்கு ஒலி இல்லை. முடிவுக் காட்சி அடங்கிய பகுதி கிடைக்கவில்லை.