கறுப்பு எங்கிருந்து வந்தது?

2021 மே மாசம் எங்க வீட்டுல ஒரு சண்டை. அப்பாவுக்குப் பல வருஷமா சர்க்கரை. கொரோனாவிலிருந்து அப்போதான் எழுந்திருந்தார். வெங்காயத் தோல்ல இருக்கிற கறுப்புத் தூள்தான் 'கறுப்புப் பூஞ்சை'ன்னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ். அதை நம்பி, வீட்டுல இருந்த வெங்காயம் மொத்தத்தையும் குப்பையில கொட்டினேன். அம்மா இன்னிக்கும் சொல்லிக் காட்டுவாங்க.

அவங்க கோபம் நியாயம்தான். வெங்காயத்துல வர்றது வேற பூஞ்சை. அதைவிட, மியூகோர்மைகோசிஸை உண்டாக்குற பூஞ்சை கறுப்பே இல்ல. அப்போ அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது? அதை உயிரோட இருக்கிறவங்க உடம்புக்குள்ள படமாப் பார்க்க மருத்துவத்துக்கு நூறு வருஷம் தேவைப்பட்டது. இன்னிக்கு அந்தக் கதை.

இந்தப் பூஞ்சையோட வித்துகள் மண்ணுல, காத்துல எப்பவும் இருக்கு. நாம சுவாசிக்கிறோம், உடம்பு சமாளிச்சிடுது. ஆனா சர்க்கரை எக்கச்சக்கமா ஏறி, ரத்தத்துல அமிலம் சேர்ந்துட்டா வெள்ளணுக்கள் தளர்ந்துபோகும். பூஞ்சைக்குத் தேவையான இரும்புச்சத்தும் தாராளமாக் கிடைக்கும். மூக்கு, சைனஸ் வழியா நுழையுற பூஞ்சை ரத்தக் குழாய்க்குள்ள வளர்ந்து அதை அடைச்சிடும். ரத்தம் போகாத சதை செத்துக் கறுத்துப்போகும். அடுத்து கண், அதுக்கப்புறம் மூளை.

1885-ல பால்டாஃப் இந்த நோயை முதன்முதலா விவரிச்சது பிரேதப் பரிசோதனையை வச்சு. 1943-ல அமெரிக்காவுல கிரெகரி, கோல்டன், ஹேமேக்கர்னு மூணு டாக்டர்கள், மூக்கிலிருந்து மூளை வரைக்கும் பரவின மூணு பேரைப் பத்தி எழுதினாங்க. மூணு பேருக்கும் கட்டுக்கடங்காத சர்க்கரை. மூணு பேருமே பிழைக்கல.

அப்போ எக்ஸ்-ரே வந்து கிட்டத்தட்ட அம்பது வருஷம் ஆகியிருந்தது. ஆனா எக்ஸ்-ரேல சைனஸ் மங்கலாத்தான் தெரியும். சாதாரணச் சளி கட்டியிருந்தாலும் அதே மங்கல்தான்.

1971-ல லண்டன்ல, இசைத்தட்டுக்குப் பேர் போன இ.எம்.ஐ. கம்பெனியோட எஞ்சினியர் ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கின சி.டி. ஸ்கேன்ல முதல் நோயாளியோட மூளையைப் படம் எடுத்தாங்க. தலைக்குள்ள இருக்கிறதை அடுக்கடுக்கா, கத்தி வைக்காமப் பார்க்க முடிஞ்சது. சைனஸ் எலும்பு அரிச்சிருந்தா சி.டி.ல தெளிவாத் தெரியும்.

ஒரு சிக்கல் இங்கதான். இந்தப் பூஞ்சை எலும்பை உடைச்சுக்கிட்டுதான் போகணும்னு இல்ல. ரத்தக் குழாய் வழியா, எலும்பு அப்படியே இருக்கும்போதே தாண்டிடும். 1998-ல சில்வர்மேன், மான்குசோ ரெண்டு பேரும், கன்னத்து சைனஸைச் சுத்தியிருக்கிற கொழுப்புப் படலம் கலைஞ்சிருக்கான்னு பாருங்க, அதுதான் முன்கூட்டியே தெரியுற அடையாளம்னு எழுதினாங்க.

எம்.ஆர்.ஐ. இன்னும் ஒரு படி மேல போச்சு. நரம்புல கான்ட்ராஸ்ட் மருந்து ஏத்தினா, ரத்தம் ஓடுற சதை படத்துல பளிச்னு வெளுப்பாத் தெரியும். மூக்குக்குள்ள டர்பினேட்னு சுருண்ட மடல்கள் இருக்கு. மருந்து ஏத்தின பிறகும் அது கறுப்பாவே இருந்தா, அங்க ரத்தம் போகலைன்னு அர்த்தம். 2010-ல வெளியான ஒரு கட்டுரை இதுக்கு 'கறுப்பு டர்பினேட்' அடையாளம்னே பேர் வச்சது. டாக்டர்கள் அங்க தேடுறது பூஞ்சையை இல்ல, நின்னுபோன ரத்த ஓட்டத்தை.

2021 ஜூன் கடைசிக்குள்ள இந்தியாவுல 40 ஆயிரத்துக்கு மேல நோயாளிகள்னு மத்திய அரசு சொன்னது. அவங்கள்ல சுமார் 64 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய்.

அந்த மாசம்தான் அப்பா, "கன்னம் மரத்துப்போன மாதிரி இருக்குடா"ன்னார். சி.டி. எடுத்தோம். 'எலும்பு நல்லா இருக்கு'ன்னு ரிப்போர்ட்டைப் படிச்சு நான் நிம்மதியாயிட்டேன். இ.என்.டி. டாக்டர் ஆகல. மூக்குக்குள்ள கேமரா விட்டுப் பார்த்தார், எம்.ஆர்.ஐ.யும் எடுக்கச் சொன்னார். திரையில டர்பினேட் பளிச்னு இருந்தது. சாதாரண சைனஸ்தான்.

படம் மட்டுமே தீர்ப்பு இல்ல. சதையை எடுத்து மைக்ராஸ்கோப்ல பார்த்துதான் உறுதி செய்வாங்க. எங்க வெட்டணும்கிறதுக்குப் படம் ஒரு வரைபடம். ஆனா மணிக்கணக்குல பரவுற நோய்ல அந்த வரைபடம் சீக்கிரம் கையில வேணும். உங்க வீட்டுல சர்க்கரை உள்ளவங்க முகம் மரத்துப்போச்சு, கண் வீங்குது, மூக்குல கறுப்பா வருதுன்னு சொன்னா, "நாளைக்குப் பார்க்கலாம்"னு விடாதீங்க. அன்னிக்கே கூட்டிட்டுப் போங்க.

வெங்காயத்தை விட்டுடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.