அஞ்சல் வாயிலும் காவல் விதியும்

மின்னஞ்சல் உலகில் வாயில் முதலில் தோன்றியது. காவல் நெடுநாள் கழித்தே வந்தது. இவ்வரலாற்றை அறிந்தார்க்கே, அஞ்சல் வழங்கிகளின் அனுமதி விதிகளில் இன்றும் நேரும் பிழைகளின் வேர் விளங்கும். அஞ்சல் வழங்கி என்பது, மடல்களை ஏற்று உரியவரிடம் சேர்ப்பிக்கும் கணினி.

1970களில் அமெரிக்க ஆர்ப்பாநெட் வலையில் இணைந்திருந்தோர் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர். அவர்களிடையே ஐயத்திற்கு இடம் குறைவு. ஆயினும் 1975இலேயே ஜான் போஸ்டல் என்னும் அறிஞர், தொல்லை தரும் கணினியின் மடலை மட்டும் பிரித்து மறுக்க வழியில்லை எனச் சுட்டினார். 1978 மே திங்களில் கேரி துர்க் என்பார் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரு விளம்பர மடலை அனுப்பினார். தொல்லை மெய்யாயிற்று.

1982இல் போஸ்டல் வகுத்த அஞ்சல் நெறியும் நம்பிக்கையின் மேல் எழுந்ததே. எவர் தந்த மடலையும் எவருக்கும் கடத்திவிடுவது வழங்கிகளின் வழக்கமாயிருந்தது. 1990களில் விளம்பரக்காரர் இத்திறந்த வாயிலைத் தமதாக்கிக் கொண்டனர். 1997இல் பால் விக்சி முதலானோர் தீய முகவரிகளின் கரும்பட்டியலைத் தொடங்கினர். அத்தகைய பட்டியலில் ஏறிய வழங்கியிலிருந்து நல்லவர் எழுதிய மடலும் பிற இடங்களில் மறுக்கப்பட்டது. 1998இல் சென்ட்மெயில் என்னும் மென்பொருளின் புதிய பதிப்பு, பிறர் மடலைக் கடத்த மறுப்பதையே இயல்பாக்கியது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசல் 1995இல் தொடங்கிய எக்சிம் மென்பொருளின் நான்காம் பதிப்பு 2002இல் வெளிவந்தது. அதில் காவல் விதிகள் ஒரு பட்டியலாயின. ‘ஏற்க’, ‘மறுக்க’ எனும் விதிகள் மேலிருந்து கீழாக ஆராயப்படும். ஒரு விதியின் நிபந்தனைகள் அனைத்தும் பொருந்தினாலே அது செயற்படும். முடிவு கிடைத்ததும் ஆய்வு நிற்கும். இறுதிவரை எதுவும் பொருந்தாவிடின் மறுப்பே முடிவு.

பிழை பிறக்கும் இடம் இவ்வரிசையே. ‘நம் ஊர் முகவரிக்கு வரும் மடலை ஏற்க’ என்பது முதல் விதி. ‘கரும்பட்டியலில் உள்ளாரை மறுக்க’ என்பது அடுத்த விதி என்க. நம் ஊர்க்கு வரும் மடலைப் பொறுத்தவரை இரண்டாம் விதி ஒருநாளும் ஆராயப்படாது. விதி எழுதப்பட்டிருக்கும், காவல் இராது. மாறாக, மறுப்பு விதியை அளவுக்கு மிஞ்சி விரித்து முன்வைத்தால், வேலை நாடி எழுதியவரின் விண்ணப்பமும் வாயிலிலேயே திருப்பப்படும்.

இதனைக் களையும் முறையும் உண்டு. முதலில் பதிவேட்டைப் படித்து, மறுத்த விதி எதுவெனக் காணல் வேண்டும். பின்னர், எக்சிமில் உள்ள போலி உரையாடல் வசதியால் ஒரு முகவரியிலிருந்து மடல் வருவதாகப் பாவித்துச் சோதிக்கலாம். உண்மையில் மடல் எதுவும் செல்லாது. ஆனால் ஒவ்வொரு விதியும் பொருந்தியதா, தவறியதா என்பது வரிசையாகத் தெரியும். ஏற்கத்தக்க முகவரி ஒன்றும் மறுக்கத்தக்க முகவரி ஒன்றுமாக இரண்டையும் சோதித்தலே முறை. ஒன்றை மட்டும் சோதிப்பவர், ஒரு குறையை நீக்கி மற்றொன்றை விளைப்பர்.

திறந்த வாயிலின் தீங்கைக் கண்டே உலகம் காவலை நாடியது. ஆயின் விதிகளின் எண்ணிக்கை காவலன்று. அவற்றின் முறைவைப்பே காவல்.