அடையாள அட்டையும் ஒரு மறுப்பும்

இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் தேசியப் பதிவுச் சட்டத்தை இயற்றியது. குடிமக்கள் அனைவருக்கும் அடையாள அட்டை வழங்கப்பெற்றது. படைக்கு ஆள் சேர்த்தலும் உணவுப் பங்கீடும் அதன் முதன்மை நோக்கங்கள். 1945இல் போர் ஓய்ந்த பின்னும் அட்டை நீடித்தது. வேறுவேறு அலுவலகங்களும் அதைக் கேட்கலாயின.

1950 டிசம்பர் 7ஆம் நாள் லண்டன் ஃபிஞ்ச்லியில் கிளாரன்ஸ் வில்காக் என்பவரின் காரை நிறுத்திய காவலர், அட்டையைக் காட்டுமாறு பணித்தார். தாம் லிபரல் கட்சியினர், இத்தகைய முறைக்கு எதிரானவர் என்று கூறி வில்காக் மறுத்துவிட்டார். சலவை நிறுவன மேலாளர் ஒருவர் சட்ட வரலாற்றில் இடம்பெற்றது இவ்வாறுதான்! 1951இல் உயர்நீதிமன்றம் அவர்மீதான குற்றத்தை உறுதி செய்தது. எனினும், போர்க்காலச் சட்டத்தைப் பிற காரியங்களுக்குப் பயன்படுத்துவது நல்ல குடிமக்களையே சட்டத்தை மீறுவோராக்கிவிடும் என்று தலைமை நீதிபதி காடர்ட் பிரபு கண்டித்தார். 1952 பிப்ரவரியில் அட்டை ஒழிக்கப்பெற்றது.

வில்காக் காட்ட மறுத்தது ஒரு காகித அட்டையை. 2006ஆம் ஆண்டுச் சட்டமோ கைரேகையையும் முகத்தையும் தேசியப் பதிவேட்டில் ஏற்ற முனைந்தது. பையிலிருக்கும் அட்டையைத் தர மறுக்கலாம்; கணிப்பொறியில் ஏறிவிட்ட கைரேகையை எவ்வாறு மறுப்பது? விவாதத்தின் உயிர்நிலை இதுவே. அடுத்து வந்த அரசு 2010இல் அச்சட்டத்தை நீக்கி, 2011இல் பதிவேட்டை அழித்தது.

2025 செப்டம்பரில் பிரதமர் கீர் ஸ்டார்மர், வேலை செய்யும் உரிமையை மெய்ப்பிக்க டிஜிட்டல் அடையாளம் கட்டாயமாகும் என அறிவித்தார். எதிர்ப்பு மனுவில் இருபது லட்சத்திற்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர்.