ராணியின் பெயரில் ஓர் ஊர்

ராணிப்பேட்டைக்குப் பெயர் தந்த ராணி இந்த ஊரில் வாழ்ந்தவள் அல்லள். அவள் செஞ்சிக்காரி. தேசிங்கு ராஜாவின் இளம் மனைவி.

தேசிங்கு கதை வட மாவட்டங்களில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கப்பம் கட்ட மறுத்தான். 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையோடு மோதி மாண்டான். அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள். அந்தச் செய்தி நவாபின் மனத்தை உலுக்க, தன் தலைநகரான ஆற்காட்டுக்கு எதிரே, பாலாற்றின் வடகரையில் அவள் பெயரால் ஒரு பேட்டையை எழுப்பினார் என்பதுதான் ஊர் பிறந்த கதை.

ஊர் எழுந்த ஆண்டு 1771 என்று பலரும் எழுதுகிறார்கள். அது பொருந்தாது. சாதத்துல்லா கான் 1732-இலேயே இறந்துவிட்டார். 1771-இல் நவாபாக இருந்தவர் முகம்மது அலி வாலாஜா. பக்கத்து வாலாஜாபேட்டைக்குப் பெயர் கொடுத்தவர். கதை உண்மையென்றால், ஊர் 1714-க்கும் 1732-க்கும் இடையில் எழுந்திருக்க வேண்டும். ஒரு பெண் தீயில் எரிந்ததைப் பெருமையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வென்றவன் தோற்றவன் வீட்டுக்குச் செய்த மரியாதையை ஓர் ஊர் தன் பெயரிலேயே காத்து வருகிறதே, அது சாதாரணமல்ல.

நவாபுகள் காலத்தில் இங்கே ஒன்பது லட்சம் மரங்கள் கொண்ட தோப்பு இருந்ததாகச் சொல்வார்கள். நவ்லாக் என்ற அந்தத் தோப்பு இன்று அரசுத் தென்னைப் பண்ணை.

பேட்டையை நகரமாக்கியது வெள்ளையரின் குதிரைப்படை. ஆற்காட்டுக்கான கன்டோன்மென்ட் ஆற்றின் இந்தக் கரையில்தான் இருந்தது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் கிளர்ந்தபோது ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்தது ஆற்காட்டிலிருந்துதான். கிளர்ச்சி அன்றே இரத்தத்தில் ஒடுக்கப்பட்டது. ஐம்பது ஆண்டு கழித்து, 1856 ஜூலை 1-இல், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து பக்கத்து வாலாஜா ரோடு வரை வந்து சேர்ந்தது. 1866-இல் ஸ்கடர் குடும்பத்தாரின் மிஷன் மருத்துவமனை வந்தது. 1906-இல் பாரி கம்பெனியின் உரத் தொழிற்சாலை.

அப்புறம் தோல் பதனிடும் தொழில். வேலைக்காக ஊர்ஊராக ஜனங்கள் வந்தார்கள், குடும்பங்கள் தலையெடுத்தன. அதை மறுக்க முடியாது. ஆனால் தோல் பதனிடும் குரோமிய உப்புக்கு மூலப்பொருள் தயாரித்த ஆலை ஒன்று 1990-களின் நடுவில் மூடியபோது, லட்சம் டன்னுக்கும் மேலான நச்சுக் கழிவை வெட்டவெளியில் குவித்து வைத்துவிட்டுப் போனது. மழை பெய்யப் பெய்ய குரோமியம் மண்ணுக்குள் இறங்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்டன. பாலாற்றங்கரைத் தோல் கழிவுகளுக்கு எதிராக வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடு முழுவதும் சூழல் வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது.

2019-இல் ராணிப்பேட்டை தனி மாவட்டத் தலைநகர் ஆகிவிட்டது. இனி கேட்பதற்கு வெளியூர் போய் நிற்க வேண்டியதில்லை. ஆட்சியர் அலுவலகமே ஊருக்குள் இருக்கிறது. அந்தக் குரோமியக் கழிவு ஒரு கைப்பிடிகூட மிச்சமில்லாமல் அகற்றப்படும் வரை, கெட்ட கிணறுகளின் நீர் குடிக்கும்படி ஆகும் வரை, ஊர்க்காரர்கள் விடாமல் கேளுங்கள்.