தாரை ஆற்றலின் அளவுதிருத்தமும் 1996-ஆம் ஆண்டின் குவார்க் விவாதமும்

சிகாகோ நகருக்கு அருகிலுள்ள ஃபெர்மி ஆய்வகத்தின் டெவட்ரான் மோதுவியில் பணியாற்றிய சிடிஎஃப் ஆய்வுக்குழு, 1996-இல் ஒரு முரண்பாட்டை வெளியிட்டது. 1.8 டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் புரோட்டானும் எதிர்ப்புரோட்டானும் மோதியபோது, ஏறத்தாழ 200 கிகா எலக்ட்ரான் வோல்ட் குறுக்கு ஆற்றலைக் கடந்த துகள் தாரைகள், கோட்பாடு கணித்ததைவிட மிகுதியாகக் காணப்பட்டன. குவார்க்கினுள்ளும் உட்கூறுகள் உண்டோ என்னும் ஐயம் நாளிதழ்கள் வரை சென்றது. புதிய இயற்பியல் பற்றிய எதிர்பார்ப்பாக நினைவுகூரப்படும் இவ்விவாதத்தை அளவுதிருத்தத்தின் வரலாறாகவும் வாசிக்க இடமுண்டு.

தாரை என்பது தனித்துகள் அன்று. சிதறிய குவார்க்கோ குளுவானோ தனித்து வெளிப்பட இயலாமையால், பியான் முதலிய பல துகள்களாகி ஒரு திசையில் பாய்கிறது. கலோரிமானி அவற்றின் ஆற்றலை முழுமையாகப் பதிவதில்லை; ஹாட்ரான்களுக்கான அதன் துலங்கல் எலக்ட்ரானுக்குரியதைவிடப் பொதுவாகக் குறைவு. மேலும், ஆற்றல் கூடக்கூடத் தாரைகளின் எண்ணிக்கை செங்குத்தாகச் சரிவதால், ஆற்றலில் நேரும் ஒரு விழுக்காட்டுப் பிழை எண்ணிக்கையில் பல விழுக்காடாகப் பெருகும். கண்ட மிகுதி அளவைப் பிழையின் நிழலாகவும் இருந்திருக்கலாம்.

சிடிஎஃப் கருவியில் காந்தப்புலம் இருந்தது. மின்னூட்டத் துகளின் வளைவிலிருந்து உந்தத்தைப் பெற்று, கலோரிமானி காட்டும் ஆற்றலுடன் அதனை ஒப்பிட முடிந்தது. சோதனைக் கற்றைத் தரவுகளும் துணைநின்றன. அதே மோதுவியின் டி-ஜீரோ கருவிக்கு அன்று மையக் காந்தப்புலம் இல்லை. யுரேனியமும் நீர்ம ஆர்கானும் கொண்ட தன் கலோரிமானியை அக்குழு உந்தச் சமநிலையைக் கொண்டு திருத்தியது: ஒரு ஃபோட்டானும் ஒரு தாரையும் எதிரெதிரே தெறிக்கையில், குறுக்குத் தளத்தில் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்தாக வேண்டும். ஃபோட்டானுக்கான அளவுகோலோ, செர்ன் ஆய்வகத்தின் எல்இபி மோதுவி துல்லியமாக அளந்த இசட் போசானின் நிறையைப் பற்றி நின்றது. ஜெனிவாவில் பெற்ற ஓர் எண் இல்லினாய்சின் தாரைகளை நிறுத்தது எனலாம்.

விடை வேறு திசையிலிருந்து வந்தது. புரோட்டானின் உந்தத்தில் பெரும்பங்கைத் தாங்கும் குளுவான்களின் பரவல் அதுவரை தளர்வாகவே அறியப்பட்டிருந்தது. அதனை மாற்றியமைத்தால் மிகுதியின் பெரும்பகுதி விளங்கிவிடும் என்று சிடெக் குழுவினர் காட்டினர். 1999-இல் வெளிவந்த டி-ஜீரோ அளவீடு கோட்பாட்டோடு இசைந்தது. முறைசார் ஐயப்பாடுகளைக் கணக்கிற்கொண்டால் சிடிஎஃப் முடிவோடும் அது முரண்படவில்லை. ஆகவே, சிடிஎஃப் அளவுதிருத்தம் பிழையானது என இதனால் நிறுவப்படவில்லை. குறை, ஒப்பிடப்பட்ட கோட்பாட்டின் பக்கமே மிகுதி: அக்காலப் பரவல் தொகுப்புகள் தம் ஐயப்பாட்டின் அளவை உடன் தரவில்லை. அதனையும் சேர்த்துத் தரும் தொகுப்புகள் 2000-க்குப் பின்னரே பொது வழக்கிற்கு வந்தன.